புரோ பாக்ஸிங் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்: ஒரு வடசென்னைப் பெண்ணின் கணக்கு

என் முதல் புரோ சண்டைக்கு, அதாவது காசுக்காக ஆடும் தொழில்முறைச் சண்டைக்கு, பேசிய தொகை 25,000 ரூபாய். மேனேஜருக்கு 20 சதவீதம், மாஸ்டருக்கு 10 சதவீதம், வரிப்பிடித்தம் 10 சதவீதம் போக என் கைக்கு வந்தது 15,000. அந்த ஒரு சண்டைக்குத் தயாராக நான் செலவழித்தது 31,000 ரூபாய்க்கு மேல். ஜெயித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன், ஆனால் கடனோடு திரும்பினேன். பெண்கள் பாக்ஸிங் என்றால் மெடல் வாங்கிய பேட்டிகளும் வீடியோக்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ரிங்குக்கு வெளியே என்ன நடக்கும், எந்தக் காகிதத்தில் என்ன இருக்க வேண்டும், அடிபட்டால் யார் செலவு செய்வார்கள் என்று தமிழில் சொல்ல எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். யாரையும் பயமுறுத்தி வீட்டில் உட்காரவைப்பது என் எண்ணம் இல்லை. ரிங்கில் நின்ற நேரத்தை நான் இன்றைக்கும் நேசிக்கிறேன்.

நான் வளர்ந்தது தண்டையார்பேட்டையில். எங்கள் பக்கம் பாக்ஸிங் புதிது இல்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைப் பெயரைச் சொல்லி ரோஷமாக மோதிக்கொண்ட காலத்தைத் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதைகளில் பெண்கள் பார்வையாளர்களாகக்கூட வருவதில்லை. என்னைச் சேர்த்துக்கொண்ட மாஸ்டர் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. "பொண்ணுக்குன்னு தனி ஜாப் கிடையாதும்மா, கையை நேரா போடு" என்பார். ஜாப் என்றால் முன் கையால் நேராகப் போடும் குத்து. பள்ளிக்கூட மெடல், மாவட்டம், மாநிலம் என்று போனேன். என் எடை 48 கிலோ. அங்கேதான் சிக்கல். 2012 லண்டனில் பெண்கள் பாக்ஸிங்கை முதல்முறையாக ஒலிம்பிக்கில் சேர்த்தபோது 51, 60, 75 என்று மூன்றே எடைப்பிரிவுகள். 48 கிலோவில் ஆடுகிறவளுக்கு ஒலிம்பிக் என்ற வாசலே கிடையாது. மேரி கோமே 51க்கு ஏறித்தான் அங்கே வெண்கலம் வாங்கினார். 48லேயே இருந்துவிடலாம் என்றால், 2018இல் டெல்லியில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் அந்தப் பிரிவின் தங்கமும் அவருடையதுதான். அவரைத் தாண்டி இந்திய அணிக்குப் போக வேண்டும். தேசிய அளவில் மெடல் இல்லாமல் ரயில்வேயிலோ போலீஸிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைப்பது கஷ்டம். மாநில மெடலை வைத்துக்கொண்டு ஒரு ஜிம்மில் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற வேலைதான் எனக்குக் கிடைத்தது.

2017இல் பாக்ஸிங் வீராங்கனை சரிதா தேவி இம்பாலில் புரோவாக இறங்கி ஹங்கேரிப் பெண் ஒருவரை ஜெயித்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குள் ஆசை வந்தது. புரோவில் 105 பவுண்டு, 108 பவுண்டு, 112 பவுண்டு என்று நெருக்கமாகப் பிரிவுகள் உண்டு. என் உடம்புக்கு இடம் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தக் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது, அதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சரிதா தேவி மணிப்பூர் போலீஸில் அதிகாரி. அவருக்கு முன்னால் 2015இல் புரோ ஆன விஜேந்தர் சிங்கும் ஹரியானா போலீஸில் டி.எஸ்.பி.யாக இருந்தவர். மாதச் சம்பளம் வருகிற கையோடு அவர்கள் அந்த ரிங்கில் ஏறினார்கள். அடுத்த சண்டை ஒரு வருடம் தள்ளிப்போனாலும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். எங்கள் வீட்டு நிலைமை அப்படி இல்லை. ஆகவே வயது இருக்கும்போதே வேலைக்கான கதவுகளை எல்லாம் தட்டிவிட்டுப் புரோவைப் பற்றி யோசிப்பதுதான் நல்லது. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, எந்தெந்தப் போட்டி மெடல் அதற்குச் செல்லும் என்ற பட்டியலை முதலில் கையில் வாங்குங்கள். அரசு வேலையில் ஏற்கெனவே இருந்தால், துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் புரோ ஒப்பந்தத்தைத் தொடாதீர்கள்.

புரோ போனால் திரும்ப அமெச்சூருக்கு, அதாவது மெடலுக்காக ஆடும் போட்டிகளுக்கு, வர முடியாது என்று நம் ஊரில் இன்னமும் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2016இல் ஒலிம்பிக்கே புரோ வீரர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சரிதா தேவியும் 2018 உலகச் சாம்பியன்ஷிப்பில் மறுபடி இந்தியாவுக்காக ஆடினார். ஆனாலும் உங்கள் மாநிலச் சங்கத்தில் இன்றைய விதி என்ன என்று கடிதம் கொடுத்து, பதிலையும் கடிதமாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னவர் அடுத்த தேர்தலில் பதவியில் இல்லாமல் போகலாம்.

இனி விளையாட்டு எப்படி மாறுகிறது என்பதைச் சொல்கிறேன். அமெச்சூரில் பெண்கள் ஹெட்கார்டு (தலைக்கவசம்) போட்டுக்கொண்டு, 10 அவுன்ஸ் கிளவுஸில், 3 நிமிடமாக 3 ரவுண்டு ஆடுகிறோம். புரோவில் ஹெட்கார்டு இல்லை. 147 பவுண்டு வரை 8 அவுன்ஸ் கிளவுஸ்தான். பெண்களுக்கு ரவுண்டு 2 நிமிடம், புதிதாக வருகிறவளுக்கு 4 ரவுண்டு, பட்டச் சண்டை என்றால் 10 ரவுண்டு. 2 அவுன்ஸ் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைப்போம். ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) 14 அவுன்ஸ், 16 அவுன்ஸ் போட்டுப் பழகியவளுக்கு முதல் 8 அவுன்ஸ் அடி விழும்போதுதான் தெரியும், எதிராளியின் விரல் முட்டி வரைக்கும் முகத்தில் உணர முடியும். பிடித்து நிற்கிற கை சின்னதாகிவிடுவதால் தடுத்துவிட்டதாக நினைத்த ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) இடுக்கில் நுழைந்து காதோரம் வந்து விழும். தலையை நகர்த்தக் கற்றுக்கொள்ளாமல் கையை மட்டும் நம்பி ஆடியவர்கள் இங்கே அவஸ்தைப்படுவார்கள். கைக்குக் கட்டும் பாண்டேஜும் வேறு. துணிப் பட்டைக்குப் பதில் காயத்துக்குக் கட்டும் மெல்லிய காஸ் துணியும் டேப்பும் வைத்துக் கட்டுவார்கள், அதைச் சரியாகக் கட்டத் தெரிந்தவர் நம் கார்னரில் (ரிங் மூலையில் நின்று நம்மைக் கவனிக்கும் குழுவில்) இல்லாவிட்டால் முதல் ரவுண்டிலேயே முட்டி வீங்கும். 2 நிமிட ரவுண்டில் எதிராளியைப் படித்துப் பார்க்க நேரம் கிடையாது. ஒரு ரவுண்டு ஜெயித்தால் 10, தோற்றால் 9 என்று மூன்று நடுவர்களும் தனித்தனியாக எழுதுகிறார்கள். மெதுவாகச் சூடேறுகிற என்னைப் போன்றவள் முதல் நிமிடத்தைச் சும்மா விட்டால் பாதி ரவுண்டு போயே போய்விட்டது. என் மாஸ்டர் இதைச் சரிசெய்ய ஒரு வழி வைத்திருந்தார். ரிங்கில் ஏறும் முன் டிரெஸ்ஸிங் ரூமிலேயே பேட் (குத்து வாங்கும் கைத்திண்டு) பிடித்து இரண்டு முழு ரவுண்டு வியர்க்க வைப்பார். மூச்சு வாங்கி அடங்கிய பிறகுதான் அனுப்புவார். இதை யாரும் பின்பற்றலாம், காசு செலவில்லை.

முதல் சண்டைக்கு 31,000 எங்கே போனது என்று கேட்பீர்கள். மெடிக்கல் மட்டும் 13,800. மூளைக்கு எம்.ஆர்.ஐ., கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனை, இ.சி.ஜி., எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி, அதோடு கர்ப்பப் பரிசோதனை. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு என் அம்மா கோபப்பட்டார். அது அவமானப்படுத்த அல்ல, வயிற்றில் விழுகிற அடியை நினைத்து உலகம் முழுக்கச் சண்டைக்கு அனுமதி தரும் பல அமைப்புகள் கேட்கிற ஒன்று என்று உட்காரவைத்துப் புரியவைத்தேன். பல் டாக்டரிடம் அளவெடுத்துச் செய்த மௌத் கார்டு 3,500. மீதி எல்லாம் சாப்பாடு, ஸ்பாரிங்குக்காக ஊர் தாண்டிப் போன பஸ் செலவு, லீவு போட்டதால் வெட்டிய சம்பளம். இவற்றில் எதுவும் அநாவசியம் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுக்காமல் ரிங்கில் ஏற்றிவிடுகிறேன் என்று ஒருவர் சலுகை போலச் சொன்னால் அந்த ஆளிடமிருந்து விலகி வந்துவிடுங்கள். மெடிக்கல் செலவை யார் ஏற்பது என்பது பேரத்தில் வர வேண்டிய விஷயம் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது. ஏற்பாட்டாளர் தரப்பில் ஏற்றுக்கொள்கிறவர்களும் உண்டு, கேட்டவர்களுக்கு மட்டும்.

சண்டை வடக்கே ஒரு ஊரில், மால் ஒன்றின் நடுவே ரிங் போட்டு நடந்தது. வெயிட் போட்ட (எடை பார்த்த) பிறகு, பேசியிருந்த எதிராளி வரவில்லை, வேறொரு பெண் என்றார்கள். இரண்டு கிலோ கூடுதல். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சிஸ்டர், ஷோ நிக்கக்கூடாது" என்றார் புரோமோட்டரின் (ஷோ ஏற்பாட்டாளரின்) ஆள். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். 4 ரவுண்டும் ஆடி ஜெயித்தேன். கையைத் தூக்கியபோது வந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது, அதற்குக் கூலி எதுவும் ஈடாகாது. வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "காசு குடுத்துட்டாங்களா?" அப்போது எனக்கு எரிச்சல் வந்தது. பின்னாளில் அந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. எதிராளி மாறினால், எடை மாறினால், தொகையும் மாற வேண்டும். இத்தனை பவுண்டுக்கு மேல் வந்தால் சண்டை வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு, அப்போதும் பேசிய தொகையில் இவ்வளவு தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். பெரிய சண்டைகளில் எடை தவறியவர் எதிராளிக்குத் தன் தொகையில் ஒரு பங்கைக் கொடுப்பது வழக்கமாகவே இருக்கிறது.

அந்த வெற்றிக்குப் பிறகுதான் மூன்று வருட ஒப்பந்தம் வந்தது. ஆங்கிலத்தில் பல பக்கம். காலேஜ் முடித்த என் சித்தப்பா மகன் வரிவரியாகப் படித்துச் சொன்னான். வேறு யாருக்கும் ஆடக்கூடாது, விளம்பரத்தில் என் படத்தைப் போடலாம், என் வருமானத்தில் இவ்வளவு பங்கு, எல்லாம் புரிந்தது. ஒப்பந்தத்தில் இருப்பதைப் படிக்கலாம், இல்லாததை எப்படிப் படிப்பது? வருடத்துக்குக் குறைந்தது எத்தனை சண்டை தருவார்கள் என்ற வரி அதில் இல்லை. சண்டை ரத்தானால் என்ன தருவார்கள் என்ற வரி இல்லை. எத்தனை நாளுக்குள் பணம் வரும் என்ற வரி இல்லை. விளையாட்டு ஒப்பந்தம் பார்த்த ஒரு வக்கீலுக்கு 3,000 ரூபாய் கொடுத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் இவற்றைச் சொல்லியிருப்பார் என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை. என்னைக் கட்டிப்போட்டது அந்தக் காகிதம். அவர்களைக் கட்டுவதற்கு அதில் ஒரு கயிறுகூட இல்லை.

அடுத்து ஒரு ஷோ அறிவித்தார்கள். போஸ்டரில் என் படம் வந்தது. ஜிம் வேலையில் சம்பளமில்லா லீவு எடுத்துக் காலை மாலை இரண்டு வேளையும் பயிற்சி. காசிமேடு கடலோரம் விடியற்காலையில் ஓட்டம், பத்து மணிக்கு ஸ்கிப்பிங், பேக், மாலையில் பையன்களோடு ஸ்பாரிங். 108 பவுண்டுக்கு இறங்க வேண்டும், அதாவது 49 கிலோ. என் சாதாரண எடை அப்போது 53. கடைசி வாரத்தில் உப்பை நிறுத்தி, தண்ணீரைக் குறைத்து, வியர்வைக் கோட்டு போட்டு ஓடினேன். உதடு வெடித்தது. மாதவிடாய் அதற்கு முன்பே தள்ளித் தள்ளிப் போய், பிறகு நின்றேவிட்டது. ஜிம்மில் எல்லோரும் அதை நல்லது என்றே பேசினார்கள், தொந்தரவு விட்டது என்று. அது நல்லதே இல்லை. சாப்பாட்டுக்கும் உழைப்புக்கும் கணக்கு உதைக்கிறது என்று உடம்பு சொல்கிற முதல் தகவல் அது. கவனிக்காமல் விட்டால் எலும்பு பலவீனமாகும், சாதாரண அடிக்கே எலும்பில் விரிசல் விழும். மூன்று மாதம் வராவிட்டால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், இரத்தத்தில் ஹீமோகுளோபினோடு, இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். எடை குறைக்க சிறுநீர் போகிற மாத்திரையை ஒருவர் என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அது வாடா எனும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கிற மருந்து, ஒரு டெஸ்டில் பெயர் கெட்டுவிடும் என்பதைவிட, உடம்பில் தண்ணீர் வற்றிய நிலையில் தலையில் அடி வாங்குவதுதான் பெரிய ஆபத்து. புரோவில் முந்தின நாளே வெயிட் போடுவதால் இரவில் தண்ணீர் குடித்துத் தேறிவிடலாம் என்று சொல்வார்கள். வயிறு தேறும், மூளையைச் சுற்றி இருக்கிற நீர் அதே வேகத்தில் தேறும் என்று யாரும் உறுதி தர முடியாது. உங்கள் சாதாரண எடையிலிருந்து மெதுவாக, வாரக்கணக்கில் இறங்க முடிகிற பிரிவு எதுவோ அதுதான் உங்கள் பிரிவு.

ஷோவுக்கு நான்கு நாள் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: ஸ்பான்சர் விலகிவிட்டார், ஷோ இல்லை. அவ்வளவுதான். அன்று இரவு நான் அழுதது தோற்றதற்காக இல்லை, தோற்கவாவது ஒரு சண்டை இருந்திருக்க வேண்டும். சம்பளமும் செலவுமாக 45,000 போனது. யாரிடம் கேட்பது? ரத்தானால் பாதித் தொகை என்று ஒரு வரி இருந்திருந்தால் கேட்டிருக்கலாம்.

அதன் பிறகு நீண்ட காலம் சண்டையே இல்லை. வேறு இடத்தில் ஆட ஒப்பந்தம் விடவில்லை. 2019 கடைசியில் ஒரு நாள் இரவு மேனேஜர் போன் செய்தார். "தங்கச்சி, பேங்காக்ல சண்டை. 6 ரவுண்டு, 108 பவுண்டு, 60,000 ரூபாய். பத்து நாள்தான் இருக்கு, ஓகேவா?" பல மாதம் பட்டினி கிடந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது. டிக்கெட் ஒருவருக்குத்தான், கார்னரில் நிற்க அங்கேயே ஆள் இருக்கிறது என்றார்கள். மாஸ்டர் வர முடியவில்லை. இறங்கியதும் 115 பவுண்டு என்றார்கள். துணியோடு நின்று நான் 111. எதிராளி சரியாக 115 காட்டினாள், மறுநாள் ரிங்கில் பார்த்தபோது அதைவிட மிக மிகப் பெரியவளாக இருந்தாள். அவள் ஊர், அவள் கூட்டம், அவள் பெயர்தான் போஸ்டரில் பெரிதாக இருந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை, நன்றாக ஆடினாள். அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு ஷோவிலும் இரண்டு வகையாக ஆள் எடுக்கிறார்கள். ஒருத்தியை வளர்ப்பதற்கு, இன்னொருத்தியை அவளிடம் தோற்பதற்கு. தோற்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. குறைந்த நாள், கூடின எடை, தெரியாத கார்னர் என்று அமைத்துவிட்டால் சொல்லவே தேவையில்லை.

மூன்றாவது ரவுண்டில் இடது ஹூக்கில் விழுந்தேன். எழுந்தேன். கார்னரில் இருந்தவர் நல்ல மனிதர்தான், தண்ணீர் கொடுத்தார், முகத்தைத் துடைத்தார். ஆனால் அவருக்கு என்னைத் தெரியாது. நான் அடிபட்டால் எப்படி நிற்பேன், எப்போது கண் மங்கும் என்பது என் மாஸ்டருக்குத் தெரியும், அவர் இருந்திருந்தால் நான்காவதிலேயே ரிங்குக்குள் டவலைப் போட்டுச் சண்டையை நிறுத்தியிருப்பார். ஐந்தாவதில் ரெஃப்ரி நிறுத்தினார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். அறையில் தனியாகப் படுத்தேன். மறுநாள் விமான நிலையத்தில் நின்ற வரிசை, பாஸ்போர்ட்டில் முத்திரை, எதுவும் இன்றுவரை எனக்கு நினைவில்லை. விமானத்தில் வாந்தி. வீட்டுக்கு வந்தும் வெளிச்சம் பார்க்க முடியாத தலைவலி. என் தம்பி பெயரை மறந்து ஒரு கணம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகம் மாறியதைப் பார்த்துத்தான் பயம் என்னைப் பிடித்தது.

இந்த இடத்தை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள். தலையில் பலமாக அடிபட்டால், நாக்-அவுட் ஆனாலும் ஆகாவிட்டாலும், முதல் ஒன்றிரண்டு நாள் உங்களைத் தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு கண்மணி பெரிதாக இருப்பது, கை கால் பலவீனம், வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் நேராக சி.டி. ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள், உள்ளே இரத்தக் கசிவு இருந்தால் அது கூடும். முழுதாகத் தெளியும் முன் ஸ்பாரிங் போட்டு இன்னொரு அடி வாங்கினால் உயிருக்கே ஆபத்து. "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று ஜிம்மில் சொல்வார்கள், அவர்கள் டாக்டர் இல்லை. ஆரோக்கியமாக இருக்கும்போதே ஞாபகசக்தி, நிதானம் எல்லாம் சோதித்து ஒரு பதிவு வைத்துக்கொண்டால், அடிபட்ட பிறகு ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்கு உதவும்.

எனக்கு ஸ்கேனில் கசிவு இல்லை. தனியார் மருத்துவமனை பில் 82,000. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டில் எக்ஸ்க்ளூஷன் 09 என்று ஒரு பொதுவிதி இருக்கிறது. ஆபத்தான விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபட்டு வரும் காயத்துக்குப் பணம் கிடையாது. அமெச்சூராக இருந்தவரை இதைப் பற்றி நான் யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. புரோ லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து என் பாலிசி எனக்குப் பாதிதான் துணை என்று ஏஜென்ட் சொல்லவில்லை, புரோமோட்டரும் சொல்லவில்லை. உங்கள் பாலிசியில் அந்தப் பகுதியைத் தேடிப் படியுங்கள். அந்தச் சண்டைக்கென்று தனியாக விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா, அதன் நகல் எங்கே என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். வெளிநாடு என்றால் பயணக் காப்பீட்டிலும் இதே விலக்கு இருக்கும்.

60,000இல் 30,000 முன்பணமாக வந்திருந்தது. மீதியைக் கேட்டபோது, "6 ரவுண்டும் ஆடலையே தங்கச்சி" என்று பதில் வந்தது. வாங்கிய அடியைவிட அந்த வார்த்தை வலித்தது. வக்கீல் நோட்டீஸுக்கு 4,000 செலவழித்து, பல மாதம் கழித்து 12,000 வாங்கினேன். முதல் சண்டைக்கு வரி என்று பிடித்த 2,500 ரூபாய் என் பான் எண்ணில் கட்டப்படவே இல்லை என்பதும் அப்போதுதான், நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26 ஏ.எஸ். படிவத்தைப் பார்த்துத் தெரிந்தது. அந்தப் படிவம் இணையத்தில் இலவசம், வருடம் ஒருமுறை பாருங்கள். பணத்தைப் பொறுத்தவரை என் கருத்து ஒன்றுதான். பாதி ஒப்பந்தத்தன்று, மீதி வெயிட் போட்ட அன்று, இரண்டும் வங்கிக் கணக்கில். ரிங்கில் இறங்கி வந்த பிறகு தருகிறேன் என்பதை நம்புவதற்கு இந்தத் தொழிலில் எந்தக் காரணமும் இல்லை.

பெண்ணாகப் போவதால் வருகிற சில விஷயங்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஹோட்டலில் தனி அறை என்று முன்பே எழுதி வாங்குங்கள். பாஸ்போர்ட்டை "ஃபார்மாலிட்டிக்கு" என்று கேட்டாலும் நகல் மட்டும் கொடுங்கள். வெயிட் போடும் இடத்தில் பெண் அதிகாரி இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. ஸ்பான்சர் பார்ட்டிக்கு வா, தனியாகச் சந்திக்க வேண்டும் என்பவர் ஸ்பான்சர் இல்லை. மாஸ்டருக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் தர மாட்டேன் என்றால் அந்தச் சண்டைக்கே போகாதீர்கள், உங்கள் மாஸ்டரின் டிக்கெட்தான் உங்களுக்கு முதல் மெடிக்கல்.

கொரோனா வந்து எல்லா ஷோவும் நின்றது. நின்ற மாதங்கள் ஒப்பந்தக் காலத்தில் சேராது என்று ஒரு வரி அதில் இருந்ததால், மூன்று வருடம் நான்காகப் பார்த்தது. நரம்பியல் டாக்டர் இனி ஸ்பாரிங் வேண்டாம் என்று சொல்லியிருந்தார், நானும் அப்படியே விட்டேன். மொத்த வரவையும் செலவையும் எழுதிப் பார்த்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் நஷ்டம். அம்மாவின் வளையலை மீட்க அடுத்த இரண்டு வருடச் சேமிப்பு போனது.

2022 மே 1, ஞாயிற்றுக்கிழமை காலை, உலகச் சாம்பியன்களான கேட்டி டெய்லரும் அமண்டா செரானோவும் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மோதியதைப் போனில் பார்த்தேன். அந்த அரங்கில் பெண்கள் சண்டை முதன்மைச் சண்டையாக நடந்தது அதுவே முதல்முறை. 19,000க்கும் மேற்பட்ட கூட்டம், இருவருக்கும் குறைந்தது பத்து லட்சம் டாலர் என்று செய்தி. ஐந்தாவது ரவுண்டில் டெய்லர் தடுமாறித் தடுமாறி நின்றதைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. 10 ரவுண்டு முடிவில் நடுவர் தீர்ப்பு பிளவாக வந்து டெய்லர் ஜெயித்தார். நான் அழுதேன். பொறாமையா சந்தோஷமா என்று பிரிக்கத் தெரியவில்லை. அடுத்த வருடம் செரானோ, ஆண்களைப் போல 3 நிமிடமாக 12 ரவுண்டு ஆடுவேன் என்று ஆடிக் காட்டினார். உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி. அதற்கு ஒத்துக்கொள்ளாததால் அவர்களுடைய பட்டத்தையே திருப்பிக் கொடுத்தார். தன் சண்டை எப்படி நடக்க வேண்டும் என்று தானே சொல்லும் இடத்துக்கு ஒரு பெண் வந்திருப்பதைப் பார்ப்பது எனக்குப் பெல்ட்டைவிடப் பெரிதாகப் பட்டது.

இப்போது மாலையில் எங்கள் ஏரியாப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், பேட் பிடிப்பதோடு சரி. அவர்களில் ஒருத்திக்குப் போன மாதம் புரோ ஒப்பந்தம் ஒன்று வந்தது. போகாதே என்று நான் சொல்லவில்லை, அவள் ஜாப் என்னுடையதைவிட வேகம். வக்கீலிடம் கொடுத்தோம். வருடத்துக்கு மூன்று சண்டை, மாஸ்டருக்கு டிக்கெட், மெடிக்கல் செலவு அவர்களுடையது, எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார்கள். ஷோ ரத்தானால் தரவேண்டிய தொகையை மட்டும் "பார்த்துக்கலாம்" என்கிறார்கள். அந்த வரியும் எழுதி வந்தால் கையெழுத்துப் போடுவாள். அதுவரை அமெச்சூர் மாநிலப் போட்டிக்கான பயிற்சி நடக்கிறது.